விதை எண் நூற்று முப்பத்தேழு

அலுவலகத்தில் அவரை வேதாந்தி என்றுதான் கூப்பிடுவார்கள். வருகைப் பதிவேட்டில் வேறொரு பெயர் இருந்தது; அதைப் பதிவேட்டைத் தவிர யாரும் பயன்படுத்தியதில்லை. "பிரிண்டர் வேலை செய்யல சார்" என்று யாராவது வந்து நின்றால், "வேலை செய்யலன்னா என்ன அர்த்தம்? அது என்ன செய்யும்னு நீங்க எதிர்பார்த்தீங்க?" என்று ஆரம்பிப்பார். கேள்வி தப்பில்லை, நிரல் எழுதுகிறவன் கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் மனுஷர் அதோடு நிற்க மாட்டார். எதிர்பார்ப்பு என்பது மனத்தில் இருக்கிறதா, மூளையில் இருக்கிறதா, இரண்டும் ஒன்றுதானா என்று போய்க்கொண்டே இருப்பார். பிரிண்டரைப் பற்றிச் சொல்ல வந்தவர் அதற்குள் கையாலேயே எழுதி முடித்திருப்பார்.

ஒரு ஆளுக்கு ஒரு கிறுக்கு என்றால் உலகம் பொறுத்துக்கொள்ளும். இவருக்கு மூன்று: கணினி, இயற்பியல், தத்துவம். மூன்றிலும் போய் அவர் கேட்டது ஒரே கேள்விதான். நடப்பதெல்லாம் முன்பே முடிவானதா, இல்லை, அவ்வப்போது எதேச்சையாக ஏதாவது நடக்கத்தான் செய்கிறதா? ஐம்பத்தோரு வயதாகியும் கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று கேட்டவர்களிடம், "அது நானா எடுத்த முடிவா, தானா நடந்ததான்னு இன்னும் யோசிச்சிட்டிருக்கேன்" என்பார். கேட்டவர்கள் சிரிப்பார்கள். அவர் சிரிக்காமல் அவர்களையே பார்த்துக்கொண்டிருப்பார்.

இந்தக் கிறுக்குகளை அவருக்குள் ஏற்றிவிட்டவர் பேராசிரியர் யாரும் இல்லை. ஒரு பஸ் டிரைவர், அவருடைய அத்தான்.

பன்னிரண்டு வயதில் அப்பாவும் அம்மாவும் ஒன்றரை வருட இடைவெளியில் போய்ச் சேர்ந்தார்கள். அக்காவுக்கு அப்போதுதான் கல்யாணமாகியிருந்தது. தம்பியைக் கையோடு கூட்டிக்கொண்டு புருஷன் வீட்டுக்குப் போய்விட்டாள். "என்னப்பா, ஒண்ணு வாங்கினா ஒண்ணு இலவசமா?" என்று அத்தானின் நண்பர் ஒருவர் கேலி செய்தார். "ஆமா, உனக்குக் கிடைக்கலன்னு வயித்தெரிச்சல்" என்றார் அத்தான். அன்றைக்குப் பையன் சாப்பாட்டுத் தட்டைத் தயங்காமல் நீட்டினான்.

பஸ் டெப்போவில் பயணிகள் விட்டுப்போன பொருள்களைப் போட்டுவைக்க ஓர் அறை இருந்தது. ஆறு மாதம் யாரும் கேட்டு வராவிட்டால் ஊழியர்கள் எடுத்துக்கொள்ளலாம். மற்றவர்கள் குடைக்கும் டிபன் பாக்ஸுக்கும் அடித்துக்கொள்ள, அத்தான் புத்தகங்களை அள்ளிக்கொண்டு வருவார். அவருக்குப் படிப்பு அதிகம் கிடையாது. பையன் படிப்பான், இவர் சாப்பிட்டுக்கொண்டே கேட்பார். அப்படி வந்த ஓர் இயற்பியல் புத்தகத்துக்குக் கடைசி முப்பது பக்கம் இல்லை. காலமும் இடமும் வளைகின்றன என்பதுவரை இருவருக்கும் தெரிந்தது, வளைந்து என்ன ஆயிற்று என்பது நான்கு வருடம் தெரியாமலே இருந்தது. இன்னொன்று தத்துவம். அதில் யாரோ நாற்பதாம் பக்கம்வரை சிவப்பு மையில் அடிக்கோடு போட்டிருந்தார். நாற்பதுக்கு மேல் அந்தப் புண்ணியவானுக்கு என்ன கஷ்டம் வந்ததோ.

கல்லூரியில் கணினியைத் தொட்டதும் அவர் எழுதிய முதல் நிரல் காசு சுண்டுகிற நிரல். பூவா தலையா என்று ஆயிரம் தடவை. தலை, பூ, பூ, தலை, தலை என்று வந்தது. சந்தோஷமாக இருந்தது. மறுநாள் கணினியைப் போட்டு மறுபடி ஓட்டினார். தலை, பூ, பூ, தலை, தலை. அதற்கு மறுநாளும் அதே. முகம் செத்துப்போய் வீட்டுக்கு வந்தவரை அத்தான் விசாரித்தார்.

"அதுக்குக் குலுக்கவே தெரியாது அத்தான். குலுக்கற மாதிரி நடிக்குது. ஆரம்பத்துல ஒரு நம்பர் குடுக்கணும், விதை எண்ணுன்னு பேரு. அதைப் பெருக்கி, வெட்டி, திருப்பிப் போட்டு அடுத்த நம்பரைக் காட்டுது. விதை ஒண்ணுன்னா வரிசையும் ஒண்ணுதான். எல்லாம் முன்னாடியே முடிவாயிருக்கு. பாக்கறவனுக்குத்தான் தெரியல."

அத்தான் ஒப்புக்கொள்ளவில்லை. "நான் ஒரே ரூட்ல பதினோரு வருஷமா ஓட்டறேன் மாப்ளே. அதே ரோடு, அதே நேரம், அதே சிக்னல். ஒரு நாளாவது முந்தின நாள் மாதிரி இருந்ததில்ல."

"உங்களுக்குத் தெரியாததெல்லாம் தற்செயல் ஆயிடாது."

"சரி, அப்போ தற்செயல்னு ஒண்ணு எங்கயுமே இல்லயா?"

"அணுவுல இருக்குன்னு சொல்றாங்க. சில அணு தானா உடையும். எப்போ உடையும்னு யாராலயும் சொல்ல முடியாது."

"அந்த அணுவுக்காவது தெரியுமா?"

"அதுக்கே தெரியாது."

"பாவம்" என்றார் அத்தான்.

இப்படியே முப்பது வருடம் ஓடியது. வேதாந்தி வேலைக்குப் போய், தனியாக ஓர் அறை எடுத்துத் தங்கி, வாரத்துக்கு இரண்டு நாள் அக்கா வீட்டுக்கு வந்து அத்தானோடு வாய்ச்சண்டை போடுவார். அக்கா ஒரு மருத்துவமனையின் சலவைப் பிரிவில் வேலை பார்த்தாள். நாள் முழுக்க நூற்றுக்கணக்கில் விரிப்புகளை மடித்துவிட்டு வருகிறவளுக்கு இவர்கள் பேச்சு ஏறுமா? "ரெண்டு பேரும் பேசிப் பேசியே பூமியைச் சுத்த வெச்சுடுவீங்க. யாராவது ஒருத்தர் குப்பையைக் கீழ கொண்டுபோங்க" என்பாள். சும்மா சொல்லக்கூடாது, வேதாந்தி அந்த வீட்டுக்காக ஒரு துரும்பைக் கிள்ளிப் போட்டவர் இல்லை. கெட்ட எண்ணம் கிடையாது. குப்பைக்கூடை கண்ணில் படாது, அவ்வளவுதான். கூப்பிட்டால் வருவார், கூப்பிடாமலே வந்து செய்ய வேண்டும் என்பது தெரியாது. அக்காவுக்கு அது உள்ளூர ஒரு குறை. தம்பிக்கு நம்மேல் பாசம் இருக்கிறதா, இல்லை நாம் அவனுக்குப் பழகிப்போன இடமா என்று சில நாள் அவளுக்கே சந்தேகம் வரும்.

அத்தான் ஓய்வுபெற்ற வருடமே பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் போயின, பேச்சு பாதி போயிற்று. அவர்கள் இருந்தது ஐந்தாவது மாடி. லிஃப்டுக்கு என்று ஓர் இடம் விட்டுக் கட்டியிருந்தார்கள்; அதில் குடியிருப்புக்காரர்கள் பழைய மெத்தைகளைப் போட்டு வைத்திருந்தார்கள். மருத்துவமனையிலிருந்து வந்த அன்று நான்கு பேர் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போய் மேலே வைத்தார்கள். அதற்குப் பிறகு மூன்று வருடம் அவர் தரையைப் பார்க்கவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்தால் எதிர்க் கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டி தெரியும். தெருவைப் பார்க்க எழுந்து நிற்க வேண்டும், நிற்க முடியாது. கீழே பஸ் கியர் மாற்றும் சத்தம் கேட்டால், "பழைய... வண்டி" என்பார், "புது... டிரைவர்" என்பார். வேறெதற்கும் முகத்தில் வெளிச்சம் வராது. அக்கா அதைப் பார்த்துப் பார்த்து, தரைத்தளத்தில் ஒரு வீடு, வாசலில் அவர் நாற்காலியைப் போட ஓர் இடம் என்று அதையே நினைத்துக்கொண்டிருந்தாள்.

அந்த நேரத்தில்தான் வீட்டுவசதி அலுவலகம் ஓர் அறிவிப்பு விட்டது. நடக்க முடியாதவர்கள் இருக்கும் குடும்பங்களுக்குத் தரைத்தளத்தில் நாற்பது வீடு. வந்த விண்ணப்பம் ஆயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு. கணினிக் குலுக்கலில் நாற்பது பேரை எடுப்பார்கள். குலுக்கல் நிரல் எழுதும் வேலை, டயர் கடைக்கு மேல் மாடியில் ஏழு பேர் வேலை செய்கிற வேதாந்தியின் அலுவலகத்துக்கு வந்தது. மேலாளர் அதை வேதாந்தியிடமே கொடுத்தார்.

"எங்க அக்காவும் விண்ணப்பிச்சிருக்கா சார்" என்று வேதாந்தி அன்றைக்கே சொன்னார்.

மேலாளர் அவரைவிடப் பன்னிரண்டு வயது சின்னவர், எதையும் நின்றுகொண்டே கேட்கிறவர். "ஆயிரத்து முந்நூறு பேர்ல ஒருத்தர். நீங்களா எடுக்கப் போறீங்க? கம்ப்யூட்டர்தானே எடுக்கப் போகுது. விடுங்க சார்."

நிரல் சின்னதுதான். பட்டியலைப் படி, கலைத்துப் போடு, முதல் நாற்பதைத் திரையில் காட்டு. ஆனால் சோதிக்கும்போது ஒவ்வொரு முறையும் வேறு வேறு விடை வந்தால், எங்கே தப்பு என்று கண்டுபிடிக்க முடியாது. அதனால் நிரல் எழுதுகிறவர்கள் ஒரு காரியம் செய்வார்கள். சோதனை முடியும்வரை விதை எண்ணை ஒரே எண்ணாகப் பூட்டி வைப்பார்கள். முடிந்ததும் பூட்டை எடுத்துவிட்டு, பொத்தானை அழுத்தும் நொடியின் நுண்பகுதி எதுவோ அதை விதையாக எடுத்துக்கொள்ளச் செய்வார்கள். வேதாந்தி பூட்டிவைத்த எண் நூற்று முப்பத்தேழு. அது ஏன்? ஒளிக்கும் எலக்ட்ரானுக்கும் உள்ள பிடிப்பின் அளவு ஏறத்தாழ நூற்று முப்பத்தேழில் ஒரு பங்கு. அது ஏன் அந்த அளவாக இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. இவருக்கு அந்த எண்மேல் ஒரு தனிப் பிரியம். பக்கத்திலேயே 'பிறகு எடுத்துவிடு' என்று தனக்கு ஒரு குறிப்பும் எழுதிவைத்தார்.

குலுக்கலுக்கு நான்கு நாள் முன்பு இறுதிப் பட்டியல் வந்தது. மதியம் அதை நிரலில் போட்டு ஓட்டிப் பார்த்தார். நாற்பது எண்கள் வரிசையாக விழுந்தன. தொள்ளாயிரத்து ஆறு, நாற்பத்தொன்று, ஆயிரத்து இருநூற்று எழுபது என்று போய், பதினேழாவது வரியில் ஐந்நூற்று எண்பத்தெட்டு. அக்காவின் எண்.

அவர் சிரித்தார். அட, இது நிஜமாக இருந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்தார். திரையை ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு டீ குடிக்கக் கூப்பிட்டார்கள், போனார். திரும்பி வந்ததும், எண்கள் இரட்டிக்கின்றனவா, யாராவது விட்டுப்போகிறார்களா என்று மீதிச் சோதனைகளைச் செய்தார். எல்லாம் சரி. நிரலை மூடி, குறுந்தகட்டில் ஏற்றி, கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார். பூட்டு பூட்டியபடியே இருந்தது.

அன்று சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனார். அக்கா வேலையிலிருந்து இன்னும் வரவில்லை. அத்தான் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். பேச்சு எப்படியோ வீட்டைப் பற்றி வந்தது.

"கிடைக்கும்னு தோணுது அத்தான்" என்றார் வேதாந்தி.

முப்பது வருடமாக, தோன்றுகிறது என்று யார் சொன்னாலும் 'தோணறது ஆதாரம் ஆகாது' என்று வாயை அடைத்தவர் இவர். அத்தான் தலையைத் திருப்பி, மச்சினன் முகத்தை நெடுநேரம் பார்த்தார். "நீயா... சொல்றே?" என்றார். இவர் சும்மா சிரித்துவைத்தார்.

குலுக்கல் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் நடந்தது. சக்கர நாற்காலிகளும் ஊன்றுகோல்களுமாக மண்டபம் நிறைந்திருந்தது. அதிகாரி ஒரு நடுத்தர வயதுப் பெண்மணி. விண்ணப்பதாரர்களில் வயதான ஒரு பெரியவரை மேடைக்கு அழைத்துப் பொத்தானை அழுத்தச் சொன்னார். எண்கள் ஒவ்வொன்றாகத் திரையில் வந்தன. தொள்ளாயிரத்து ஆறு. பின்வரிசையில் ஒரு கூச்சல், கைதட்டல். நாற்பத்தொன்று. மேடைக்கருகே நின்ற வேதாந்திக்குக் காதுக்குப் பின்னால் குளிர்ந்தது. ஆயிரத்து இருநூற்று எழுபது என்று அவர் மனத்துக்குள் சொன்னார். திரையும் அதையே சொன்னது.

அப்போதே கையைத் தூக்கி, 'நிறுத்துங்கள்' என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வாய் வரவில்லை என்று பிற்பாடு தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஒவ்வோர் எண்ணுக்கும் யாரோ அழுதார்கள், யாரோ யாரையோ கட்டிக்கொண்டார்கள். பதினான்கு, பதினைந்து, பதினாறு. அவர் கண்ணை மூடிக்கொண்டார். "ஐந்நூற்று எண்பத்தெட்டு!" என்று ஒலிபெருக்கி சொன்னதும் கூட்டத்தில் அக்காவின் குரல் கேட்டது. அவள் அப்படிக் கத்தி அவர் கேட்டதே இல்லை. ஓடிவந்து, ஐம்பத்தோரு வயதுத் தம்பியின் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்து, "கிடைச்சிடுச்சுடா! அவரைக் கீழ கொண்டுவந்துடலாம்டா!" என்று அழுதாள். மருத்துவமனைச் சலவைத்தூளின் வாடை அவள் கையில் இருந்தது.

அதற்கடுத்த மூன்று நாள் அவருக்குத் தூக்கம் இல்லை. கேள்வி ஒன்றும் புதிதல்ல, ஆயுள் முழுக்க அவர் வைத்து விளையாடிய கேள்விதான். இப்போது அது அவரை வைத்து விளையாடியது. நூற்று முப்பத்தேழை அவர் பூட்டியபோது பட்டியலே வரவில்லை. பட்டியலை அடுக்கியவர்களுக்கு நூற்று முப்பத்தேழு தெரியாது. யாரும் யாருக்கும் ஓரவஞ்சனை செய்யவில்லை. ஆயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் வாய்ப்பு சரிசமம். கண்ணை மூடிக்கொண்டு எடுத்த சீட்டுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? தர்க்கத்தில் ஓட்டை இல்லை. வேறு யாராவது வந்து கேட்டிருந்தால் இவரே அடித்துச் சொல்லியிருப்பார்.

ஓட்டை அவரிடம்தான் இருந்தது. அவர் விடையைப் பார்த்திருந்தார். பதினேழாவது வரியைப் பார்த்துச் சிரித்திருந்தார். பார்த்த பிறகுதான் பூட்டை எடுக்க மறந்திருந்தார். இருபத்தெட்டு வருட வேலையில் ஒருமுறைகூட மறக்காத ஒன்றை. மறந்தாரா? டீ குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தபோது 'பிறகு எடுத்துவிடு' என்ற குறிப்பின்மேல் கண் பட்டதா, படவில்லையா? பட்டும் மனம் நழுவிப் போயிற்றா? எத்தனை தரம் யோசித்தாலும் அந்த இடத்தில் நினைவு வெறும் வெள்ளையாக இருந்தது. ஊரில் உள்ள மனசையெல்லாம் ஆராய்ந்தவருக்குத் தன் மனசு கதவைச் சாத்திக்கொண்டது. மடியில் கனமில்லையென்றால் வழியில் பயமில்லை என்பார்கள். இவருக்கு மடியில் கனம் இருக்கிறதா இல்லையா என்பதே தெரியவில்லை.

நான்காம் நாள் மேலாளரிடம் சொன்னார். மேலாளர் முதல்முறையாக உட்கார்ந்து கேட்டார்.

"யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும்."

"உங்களைத் தவிர?"

"யாருக்கும் தெரியாது."

"அப்புறம் என்ன சார்? யாருக்கும் தெரியாம நடந்தா அதுக்குப் பேருதானே குலுக்கல்? நீங்களே அடிக்கடி சொல்லுவீங்களே, பாக்கறவனுக்குத் தெரியாததுதான் தற்செயல்னு."

"அது தற்செயல் ஆயிடாதுன்னுதான் சொல்லுவேன்."

"ஏதோ ஒண்ணு. சார், கைகூப்பிக் கேக்கறேன். நாப்பது குடும்பம். அதுல ஒண்ணு உங்க குடும்பம். கெட்ட பேரு நமக்கு, வீடு போறது அவங்களுக்கு. யாருக்கு என்ன லாபம்?"

மேலாளர் சொன்னதில் ஒரு சொல் தப்பில்லை. அதனாலேயே வேதாந்திக்குப் பயமாக இருந்தது. தனக்குச் சாதகமான நியாயம் இவ்வளவு அழகாக அமைந்தால் அதை நம்பலாமா? அன்றே உட்கார்ந்து கடிதம் எழுதினார். நான்கு முறை கிழித்தார். விதை எண், சோதனை, பட்டியல் எல்லாம் தடையில்லாமல் வந்தன. 'மறந்துவிட்டேன்' என்ற இடத்தில்தான் ஒவ்வொரு முறையும் பேனா நின்றது. கடைசியில் அதையே எழுதினார், வேறு சொல் அகப்படவில்லை.

வீட்டுவசதி அலுவலகத்தில் அதிகாரி கடிதத்தை இரண்டு முறை படித்தார்.

"உங்க அக்கா நம்பர் இந்த நாப்பதுல இருக்கா?"

"இருக்கு மேடம். பதினேழாவது."

"வேணும்னு செஞ்சீங்களா?"

"மறந்துட்டேன்னு எழுதியிருக்கேன் மேடம்."

"எழுதினதை நான் படிச்சுட்டேன். கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."

அவர் கடிதத்தின் கடைசி வரியைப் பார்த்தார். அதிகாரி பெருமூச்சு விட்டு, கடிதத்தைக் கோப்பில் வைத்தார். குலுக்கல் ரத்தானது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அக்காவுக்காகத் தில்லுமுல்லு செய்து மாட்டிக்கொண்டான் என்றார்கள், மாட்டிக்கொள்ளும் முன் தப்பிக்கப் பார்த்தான் என்றார்கள். முதல் எண் விழுந்த பெண் தன் தாயைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு டயர் கடை வாசல்வரை வந்து, மாடி ஏற முடியாமல் கீழே நின்றே திட்டினாள். அவர் இறங்கிப் போய்த் தலையைக் குனிந்துகொண்டு முழுவதையும் கேட்டார். அந்த வாரமே அவருக்கு வேலை போனது.

அக்கா வீட்டுக்கு அவரே போய்ச் சொன்னார். அக்கா அடுப்படியிலிருந்து வெளியே வரவில்லை. அத்தான் இடது கையால் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, "மறந்து... ட்டியா?" என்று கேட்டார். வேதாந்தி உடனே விளக்க ஆரம்பித்தார். சோதனையின்போது விதையை ஏன் பூட்டுகிறார்கள், எப்போது எடுக்கிறார்கள், கடிகாரத்திலிருந்து விதை எப்படி வருகிறது. கால்மணி நேரம் பேசினார். அத்தான் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

மறுகுலுக்கலில் கணினியே வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள். ஆயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு துண்டுச் சீட்டுகளை இரண்டு நாள் உட்கார்ந்து மடித்தார்கள், ஒரு தகர உருளையில் வரிசையாகக் கொட்டினார்கள். வேதாந்தி மண்டபத்தின் கடைசியில் நின்றார். அக்கா வரவில்லை. உருளையை ஆறு சுற்று சுற்றினார்கள். உருளை முக்கால்வாசி நிறைந்திருந்தது. சீட்டுகள் மொத்தமாகச் சரிந்தனவே தவிரக் கலக்கவில்லை. கடைசியில் கொட்டியவை மேலேயே கிடந்தன. ஆயிரத்து முந்நூற்று இரண்டு வந்தது. ஆயிரத்து நூற்றுத் தொண்ணூறு வந்தது. இது நூற்று முப்பத்தேழைவிடக் கேவலமான குலுக்கல். அடியில் கிடப்பவர்களுக்கு வாய்ப்பே இல்லை. அன்று தூக்காத கையை இன்று தூக்கினார்.

"மேடம், இன்னும் நல்லாக் கலக்கணும். பெரிய நம்பரெல்லாம் மேலயே இருக்கு. இது சமமான..."

"யாரு, அந்த ஆளா?" என்று யாரோ கேட்டார். "உட்காருய்யா!" என்றது ஒரு குரல். "அக்காவுக்கு விழலன்னு வயித்தெரிச்சல்" என்றது இன்னொன்று. அதிகாரி ஒலிபெருக்கியில் மரியாதையாகவே சொன்னார்: "நீங்க தயவுசெஞ்சு வெளிய போயிடுங்க." போனார். நாற்பதில் இருபத்தாறு எண்கள் ஆயிரத்துக்கு மேல். ஐந்நூற்று எண்பத்தெட்டு வரவில்லை. முதல் முறை விழுந்த நாற்பது பேரில் ஒருவருக்குக்கூட இரண்டாம் முறை விழவில்லை. எல்லோரும் திருப்தியாகக் கலைந்துபோனார்கள்.

பிறகு எட்டு மாதம் அக்கா அவரோடு பேசவில்லை. அவர் போவார், கதவு திறக்கும், டீ வரும், பேச்சு வராது. குப்பைக்கூடை கண்ணில் பட ஆரம்பித்தது. அவராகவே எடுத்துக்கொண்டு ஐந்து மாடி இறங்குவார். அறையில் உட்கார்ந்து, பிறர் எழுதிய பழைய நிரல்களில் பிழை பார்த்துக் கொடுத்துக் காலம் தள்ளினார். தத்துவப் புத்தகங்களைத் தொடவில்லை. அத்தானிடம் அணுவைப் பற்றிப் பேச்செடுத்தால் அவர் கண்ணை மூடிக்கொள்வார். ஒரு நாள் காலை நாற்காலியில் உட்கார்ந்தபடியே அத்தான் போய்விட்டார். படிக்கட்டின் திருப்பங்கள் குறுகலாக இருந்தன. நான்கு பேர் சேர்ந்து, ஒவ்வொரு தளத்திலும் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு இறக்கினார்கள். வேதாந்தி தலைமாட்டைப் பிடித்திருந்தார். தெருவுக்கு வந்ததும் வெயில் அத்தான் முகத்தில் விழுந்தது. யாரோ துண்டை எடுத்து மறைத்தார்கள்.

வந்தவர்களெல்லாம் போன பிறகு, அக்கா அலமாரியிலிருந்து அத்தானின் சட்டைகளை எடுத்துக் கட்டில்மேல் போட்டு மடித்துக்கொண்டிருந்தாள். தம்பி நிலைப்படியில் நின்றார்.

"ஒண்ணு கேக்கறேன். வேதாந்தம் பேசாம பதில் சொல்லு" என்றாள்.

"கேளுக்கா."

"நிஜமாவே மறந்துட்டியா?"

அக்கா சட்டையிலிருந்து கண்ணை எடுக்காமல் பேசினாள்.

"குலுக்கல்ல விழுந்த அன்னிக்குச் சாயங்காலம் உங்க அத்தான் என்கிட்ட சொன்னாரு. உன் தம்பிதான் பண்ணிட்டான், நமக்காகப் பண்ணிட்டான்னு. கிடைக்கும்னு தோணுதுன்னு நீ வந்து சொன்னப்பவே அவருக்குப் புரிஞ்சுபோச்சாம். நான் திட்டினேன். என் தம்பி அப்படியெல்லாம் செய்ய மாட்டான், அதுக்கெல்லாம் அவனுக்கு நம்ம ஞாபகம் வேணும்னு சொன்னேன். அவர் கேக்கல. அழுதாருடா. வீடு கிடைச்சதுக்கு இல்ல. நமக்காக ஒரு தப்பு பண்ற அளவுக்கு அவனுக்கு நம்ம மேல பாசம் இருக்கு பாருன்னு அழுதாரு. ஏழு நாள் இந்த வீட்ல ரெண்டு பேரும் அப்படி சந்தோஷமா இருந்தோம். அப்புறம் நீ போய் எழுதிக்குடுத்துட்டே. அதுக்குக்கூட அவர் கோவிச்சுக்கல. நியாயம்னுட்டாரு. ஆனா, மறந்துட்டானாம்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு. வெறுமனே மறந்துட்டானாம், வெறுமனே மறந்துட்டானாம்னு. எட்டு மாசமும்."

ஆமாக்கா, வேணும்னுதான் விட்டேன் என்று சொல்லிவிடலாம். அது பொய்யாக இருக்கலாம். உண்மையாகவும் இருக்கலாம். எட்டு மாதமாக, நாளுக்கு நூறு முறை அந்த மத்தியானத்துக்குப் போய்ப் போய்ப் பார்த்துவிட்டார். டீ தெரிகிறது. திரை தெரிகிறது. பதினேழாவது வரி தெரிகிறது. அடுத்து என்ன நினைத்தார் என்பது மட்டும் தெரியவில்லை.

"தெரியலக்கா" என்றார். "சத்தியமா எனக்கே தெரியல."

அக்கா கடைசிச் சட்டையின் கையை உள்ளே மடித்து, மற்றவற்றின்மேல் வைத்து, உள்ளங்கையால் அழுத்தினாள்.

"இதையாவது அவர்கிட்ட சொல்லியிருக்கலாமேடா" என்றாள்.